எண்பத்தேழில் நின்றுபோன கம்ப்யூட்டர்

காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் சிஸ்டம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டு, "சார், உங்க சர்வீஸ்ல பார்த்த பெரிய பிரச்சினை எது, எழுதுங்க" என்று கேட்டீர்கள். கேட்டவருக்கு வயது இருபத்து மூன்று. பெரிய பிரச்சினை பெரிய மெஷினில்தான் வரும் என்று நினைக்கிற வயது. நானும் அப்படித்தான் இருந்தேன். என் விஷயத்தில் அந்த வயது ஐம்பத்தேழு வரை நீடித்தது.

சர்வர் படுத்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். படுத்தது, எழுப்பினோம், எழுப்பியவருக்கு டீ வந்தது, படுக்கவைத்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். சர்வரே இல்லாத ஒரு வீட்டில், ஒரு பழைய கம்ப்யூட்டருக்குப் பின்னால் நான் கை விட்ட கதையைச் சொல்கிறேன். அன்று என் கையில் வந்த பொருளைப் போல வேறு எந்தப் பொருளும் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை.

முதலில் என் பெருமைகள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் சிஸ்டம் டிபார்ட்மெண்ட் என்றால் நான்தான். நான், ஒரு மேசை, ஒரு ஸ்க்ரூடிரைவர் செட், என்னைவிட மூத்த ஒரு ஏசி. வார்ப்பு வேலை நடக்கும் இடத்தில் கரித்தூளும் மணலும் எங்கும் நுழையும். டிபன் பாக்ஸுக்குள் நுழையும், ஆபீஸ் பிள்ளையார் படத்தின் கண்ணாடிக்கு உள்ளே நுழையும். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைக்குமா? எனவே நான் ஒரு சட்டம் போட்டேன். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டருக்கு உறை போட வேண்டும். பின்பக்கம் என்னைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. இருபது வருடம் இதையே ஓதினேன். உறை போடாமல் வீட்டுக்குப் போனவரை மறுநாள் காலை கேட்டிலேயே பிடித்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். ஸ்டோர்ஸில் இருந்த பலராமன் என்னை "உறை இன்ஸ்பெக்டர்" என்று கூப்பிடுவான். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

கொரோனா நாட்களில் என் அண்ணன் போய்விட்டார். பத்து நாளில் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கக்கூட விடவில்லை. தொழிற்சாலையும் மூடியிருந்தது. பொன்னேரியில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது. அப்படி ஒரு நாளில் நெட்டில் தேடும்போது இந்த விஷயம் கண்ணில் பட்டது. நம் உடம்பில் உள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன, எங்கே தப்பாக மடிந்து நோயாகின்றன என்று ஆராய்கிறவர்களுக்கு மலை அளவு கணக்கு போட வேண்டியிருக்கிறது. அந்த மலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நாம் வேலை செய்யாத நேரத்தில் நம் கம்ப்யூட்டர் அந்தத் துண்டைப் போட்டு முடித்து, விடையைத் திருப்பி அனுப்பும். திரையில் பூஜ்யத்திலிருந்து நூறு வரை சதவீதம் ஏறும். நூறு வந்தால் ஒரு துண்டு முடிந்தது, உடனே அடுத்த துண்டு வந்து இறங்கும். அன்றே என் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டேன். அண்ணனுக்குச் செய்ய முடியாததை வேறு யாருக்கோ செய்கிறோம் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நமக்கு ஒரு நல்ல விஷயம் தெரிந்தால் நாலு பேரை மாட்டிவிடாமல் சோறு இறங்காதே.

தொழிற்சாலை திறந்தபின் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழையவற்றை வேண்டும் என்றவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். பத்துப் பேர் எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் முடிந்துவிட்டதால், பத்து வீட்டிலும் அவை உறை போர்த்திக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் பூச்சாடியைச் சுமந்துகொண்டு சும்மா நின்றன. ஒருநாள் மதியம் கேன்டீனில் எழுந்து நின்றேன். சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். அப்படி யாராவது பார்த்தால் எனக்கு நாக்கு நிற்காது. "உங்க ஊட்டு மேசையிலயே மருந்து தயாராவுதுன்னு வெச்சுக்கங்க" என்று சொன்னேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

டெஸ்பாட்ச் செக்‌ஷனில் சுகந்தி என்று ஒருத்தி. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலேறி வேலைக்கு வருகிறவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் எதிரே இருப்பவர் மிச்சம் இருக்க மாட்டார். அவள்தான் கேட்டாள்.

"கை நடுங்கற நோவுக்கும் இதுல பாக்கறாங்களா சார்?"

"அதுக்கும் உண்டும்மா" என்றேன் கம்பீரமாக.

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

பத்துப் பேருக்கும் நானே போட்டுக் கொடுத்தேன். என்னோடு சேர்த்துப் பதினொருவர் ஒரே குழு. யார் எத்தனை துண்டு முடித்தார்கள் என்று பாயிண்ட் கொடுத்து, பெயரோடு ஒரு பட்டியலை நெட்டில் காட்டுவார்கள். அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஆராய்ச்சி மறந்துவிட்டது. பலராமன் காலையில் சாமி கும்பிடுவதற்கு முன் பட்டியலைப் பார்ப்பான். ஆயுத பூஜை அன்று பத்து வீட்டிலும் கம்ப்யூட்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெஷினுக்கு ஓய்வு என்று அணைத்துவிட்டார்கள். நான் கிறிஸ்தவன், என் வீட்டில் மட்டும் ஓடியது. மறுநாள் பட்டியலில் நான் முதலிடம். பலராமன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, "கிறிஸ்மஸ் அன்னிக்கு வெச்சுக்கறேன் சீலன் சார்" என்றான். வைத்துக்கொண்டான். கிறிஸ்மஸ் அன்று என் வீட்டில் விருந்தாளிகளும் பிள்ளைகளும் கம்ப்யூட்டரை விடவே இல்லை, அவன் முந்திக்கொண்டு போனான்.

இந்தக் கூத்தில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருந்தால் உங்களுக்கு இந்த வேலையில் எதிர்காலம் இருக்கிறது. யாரும் தொடாத நேரத்தில் உறை போடு என்று இருபது வருடம் சொன்னவன் நான். யாரும் தொடாத நேரத்தில்தான் இந்தக் கணக்கு முழு மூச்சில் ஓடும். பத்து வீட்டிலும் என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஓடுகிற கம்ப்யூட்டரைப் போர்த்திவிட்டார்கள். அவை சூட்டில் வெந்துகொண்டிருந்தன.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுகந்தி போன் செய்தாள்.

"சார், கம்ப்யூட்டரு எம்பத்தேழுல நின்னு போச்சு. மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டேன். கொஞ்ச நேரம் ஓடுது, அப்பால பட்டுனு அணைஞ்சிடுது. எங்க ஊட்டுக்காரரு ஒரு மாதிரி கீறாரு சார். சோறு துன்ன மாட்டேன்றாரு."

நான் சிரித்தேன். "பாயிண்ட் போச்சேன்னு உண்ணாவிரதமா? பலராமனை மிஞ்சிட்டாரே உன் வீட்டுக்காரர்."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கவில்லை. "நாளிக்கு வர முடியுமா சார்?" என்று மட்டும் கேட்டாள். என்னைத் திருப்பி ஒரு போடு போடாமல் அவள் விட்டது அன்றுதான் முதல்முறை. அது போதாதா, ஏதோ சரியில்லை என்று புரிய? எனக்குப் புரியவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் தினமும் காலை பதினொரு மணிக்கு அணைந்துவிடும். நாலு நாள் ஒயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், மின்வாரியத்தைத் திட்டினேன். டேட்டா என்ட்ரி செய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி, என்னைவிட வயதில் சின்னவள், ஐந்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "மிஷினையே பாத்துக்கினு கீறீங்களே சார், பதினோரு மணிக்கு அதும் பக்கத்துல யாரு வந்து நிக்கறாங்கன்னு பாத்தீங்களா?" பார்த்தேன். பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் ரவுண்டு வருவார். ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வார். வாரும்போது மேசையில் இடுப்பைச் சாய்ப்பார், பின்னால் பிளக் அசையும். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இத்தனை வருடம் கழித்தாவது சம்பளத்தில் பங்கு கொடு என்று சண்டைக்கு வருவாள். நம் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதையும் நான் வேண்டிய நேரத்தில் மறந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பொன்னேரியிலிருந்து பைக்கில் கிளம்பினேன். சுகந்தியின் வீடு ஏரியைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவர் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அழுத்தி வைத்திருந்தார். பிடித்திருந்த கையும் சேர்ந்து ஆடியது. சுகந்தி எனக்கு டம்ளர் நிறைய டீ கொண்டுவந்தாள். அவருக்குப் பாதி டம்ளர்தான். சிந்தாமல் இருக்க அந்த அளவு என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கேன்டீனில் அவள் கேட்ட கேள்வி அப்போது ஞாபகம் வந்தது. நடுக்குவாதம். இத்தனை வருடம் கூடவே வேலை பார்த்தும் எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு ஒரு உறை போட்டிருந்தது. ஆபீஸில் கொடுத்த உறை இல்லை. கனமான சோபாத் துணியில் இரண்டு மடிப்பு வைத்து, ஓரத்தில் லேஸ் கட்டி, சுகந்தியே தைத்தது.

"உங்க ரூல்ஸ்படி சார். தூசு ஒரு பொட்டு உள்ள போவாது" என்றாள்.

அவளைக் குறை சொல்லலாமா? சட்டம் போட்டவனே நான்தானே. "ஓடும்போது இது வேணாம்மா, மூச்சு முட்டும்" என்று மெதுவாகச் சொல்லி உறையைக் கழற்றினேன். காலையிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், தொட்டால் கை சுட்டது. சுகந்தி நண்டு கழுவப் பின்பக்கம் போனாள். நான் கேபினட்டைத் திருப்பப் போனேன்.

"பின்னாடி பாக்க வேணாம் சார்" என்றார் ஏழுமலை. "முன்னாடியே பாருங்க."

மெஷினைத் திறக்கும்போது இப்படிச் சொல்பவர் அங்கே எதையோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம். காக்களூர்ப் பெண்ணின் கேள்வி அப்போதாவது ஞாபகம் வந்தது. கையை விட்டேன். ஃபேன் காற்று வெளியே வரும் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பை. வெளியே எடுத்துப் பார்த்தால் மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகள், வெள்ளையும் மஞ்சளுமாக, ஒரு கைக்கு அடங்காத அளவு.

பின்பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஏழுமலை என் முகத்தையே பார்த்தார். கூப்பிட்டு அவளிடம் காட்டிக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் பையை என் டூல் பேக்கில் போட்டேன். அது சரியா தப்பா என்று யோசிக்கவில்லை. அவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். காலைல சுகந்தி வேலைக்குப் போவ சொல்லோ கைல குடுத்துட்டுப் போவும். அப்பால இங்க போட்டுடுவேன். அது இங்க கை வெக்காது. நீங்கதான் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிக் கீறீங்களே."

"ஏன் நிறுத்தினீங்க?"

அவர் திரையைக் காட்டினார். "நூறு வந்தா மருந்து தயாராயிடும்னு சொன்னீங்களாமே, சுகந்தி சொல்லுச்சு. பல தபா நூறு வந்துச்சு சார். வந்ததும் திருப்பி சைபருக்குப் போயிடுது. எங்கியோ தப்பாவுதுன்னு நெனச்சேன். என் உடம்ப வெச்சுத்தானே கணக்கு போடுது. நடுவுல பழைய மாத்திரையப் போட்டா கணக்கு கலஞ்சிடுமில்ல. அதான் நிறுத்தினேன்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை. கேன்டீனில் பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று நான் விட்ட ஒரு வார்த்தை, அவள் வாய் வழியாக இந்த வீட்டுக்கு வந்து இந்த மனிதரின் மருந்தை நிறுத்தியிருக்கிறது. அவர் முட்டாள் இல்லை. சோதனை நடக்கும்போது நடுவில் எதையும் மாற்றக் கூடாது என்பது நீங்கள் எல்லாரும் படித்த பாடம். அவர் படிக்காமலே அதைச் செய்திருக்கிறார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அந்த நிமிடம் என் நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து நின்றது. "மாத்திரை போட்டாத்தான் கணக்கு சரியா வரும் ஏழுமலை" என்று சொன்னால் போதும். அவர் அன்றிலிருந்தே மாத்திரை போடுவார். வீட்டில் நிம்மதி. நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடலாம். நம் தொழிலில் இது பழகிய பொய்தான். "ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாயிடும்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம். சரியாகாவிட்டால் வேறு ஷிப்டில் வேறு ஆள் மாட்டிக்கொள்வார். ஆனால் இங்கே வேறு ஷிப்ட் கிடையாது. அடுத்த நூறு வரும்போது இவர் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்போது இன்னொரு பொய் வேண்டும். அதற்கு அடுத்த நூறுக்கு இன்னொன்று.

எனவே உண்மையைச் சொன்னேன். இது உங்கள் உடம்பை வைத்துப் போடும் கணக்கு இல்லை. உலகம் முழுக்கப் பல பேர் வீட்டில் ஓடும் பெரிய கணக்கில் இது ஒரு கடுகளவு. நூறு வந்தால் அந்தக் கடுகு முடிந்தது, அவ்வளவுதான். இன்னும் எத்தனை கடுகு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதிலிருந்து மருந்து வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் நம் காலத்தில் வருமா என்று சொல்ல முடியாது. மேசையில் மருந்து தயாராகும் என்று நான் சொன்னது வாய்க்கொழுப்பு. அதற்கு என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் மாத்திரையை நிறுத்தியது ஆபத்து.

ஏழுமலை வாசல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"எம்பத்தேழுல நின்னுச்சே, அந்தத் துண்டு இன்னா ஆவும்?"

"குறிச்ச நாளுக்குள்ள நாம அனுப்பலன்னா வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க."

"யாருக்கு?"

"தெரியாது. ஏதோ ஒரு நாட்டுல யாராவது."

"பாடு மாதிரி" என்றார்.

பழவேற்காட்டில் பாடு என்றால் மீன்பிடி முறை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். உன் முறை வந்தால் நீ போக வேண்டும்.

"என் மொறைக்கு நான் போவலன்னா தண்ணி சும்மாவா கெடக்கும்? ஒரு வருசமா என் மொறைக்கு என் தம்பிதான் சார் போறான். என்னாண்ட வலைய குடுத்தா நான் அதுல மாட்டிக்கினு கெடப்பேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மருந்து வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும். இது ஒண்ணுதான் சார் என் மொறைன்னு இருந்துச்சு. காலைல எழுந்து நான் போடறேன், ராத்திரி நான் பாத்துட்டுப் படுக்கறேன். அது நின்னு போனதும் எனக்கு பேஜாராயிடுச்சு."

அவர் சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் பாயிண்டும் இல்லை, மருந்தும் இல்லை. நான் இதுவரை வேலை பார்த்த எந்த மெஷினையும் நின்றுபோனதற்காக ஒரு மனிதர் இப்படித் தேடியதில்லை.

"இது இப்பவும் உங்க முறைதான்" என்றேன். "இதை ஓட்டறதுக்கு உங்களைத் தவிர இந்த வீட்டுல ஆள் இல்ல. ஆனா ஓட்டற ஆளு படுத்துட்டா யாரு போடறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க மாத்திரை எதுனா போடறீங்களா சார்?"

"சுகருக்குப் போடறேன்."

"டெய்லி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்கட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. சுகந்தி ஈரக் கையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"எங்க டெய்லி? சீலன் சாரு கேன்டீன்ல மைசூர்பா ரெண்டு துன்னுட்டு, மாத்திரை ஊட்லயே மறந்து வெச்சிட்டேன்னு சொல்லுவாரு. எங்க எல்லாருக்கும் தெரியும்."

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். எனக்கு நேருக்கு நேர் கிடைத்தது. ஏழுமலை அப்போதுதான் முதல்முறையாக ஒழுங்காகச் சிரித்தார்.

"அப்போ ஒண்ணு பண்ணலாம் சார். மாத்திரை போட்டாத்தான் மிஷினு போடணும். நீங்க அங்க, நான் இங்க. மாத்திரை போடலன்னா மிஷினத் தொடக் கூடாது. லிஸ்ட்டு பாத்தா தெரிஞ்சிடுமில்ல."

ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? பிறகு அவரே சொன்னார், "பைய அதாண்ட குடுத்துடுங்க சார்." டூல் பேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சுகந்தி பையைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"டெய்லி இதும் மேல கை வெச்சு உறை போட்டது நான்தான். பின்னாடி ஒரு தபா எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தொடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கன்னு பாக்கல சார்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நாளிக்கு லீவு சொல்லிடுங்க. டாக்டராண்ட இட்டுக்கினு போறேன்."

நின்ற மாத்திரையை நாமாகப் பழைய அளவில் ஆரம்பிக்கக் கூடாது என்பதால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுத்தார். ஏழுமலையும் டாக்டரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாராம். கம்ப்யூட்டர் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டுக்கொண்டாராம்.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் மறுபடியும் எழுந்து நின்றேன். இந்தத் தடவை சுருக்கமாகப் பேசினேன். யார் வீட்டு மேசையிலும் மருந்து தயாராகாது. கரண்ட் பில் ஏறும், அதை முன்பு நான் சொல்லாமல் விட்டேன். ஓடும்போது உறை வேண்டாம், பின்பக்கம் வாரம் ஒருமுறை அவரவரே எட்டிப் பாருங்கள். வேண்டாம் என்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பேர் நிறுத்திக்கொண்டார்கள், நியாயம்தான். பலராமன் மட்டும் எழுந்தான். "உறை வேணாம்னு உறை இன்ஸ்பெக்டரே சொல்றாரு. நாங்க இத்தினி வருசம் மடிச்சு வெச்சதுக்கு இன்னா கணக்கு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் இந்த மாற்றம் என்பதை சுகந்தியைக் கேட்காமல் நான் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது எழுதுவதும் அவர்கள் இருவரும் படித்துப் பார்த்து, "எழுதுங்க சார், ஆனா மைசூர்பாவ உட்றாதீங்க" என்று சொன்ன பிறகுதான்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நம் சட்டங்களை மனிதர்கள் நாம் நினைப்பதைவிட அதிகமாக நம்புகிறார்கள். "தொடாதே" என்று நாம் சொன்ன இடத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் தன் உயிரையே ஒளித்து வைக்கலாம். எனவே எதையாவது தொடக் கூடாது என்று சொன்னால், நீங்களாவது அடிக்கடி போய்த் தொட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் மேனுவலில் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஏழுமலைக்கு நடுக்கம் போய்விடவில்லை, கொஞ்சம் கூடியும் இருக்கிறது. மாத்திரை போடுவதால் பாதி டம்ளர் டீயைச் சிந்தாமல் குடிக்கிறார். காலையில் மாத்திரை, பிறகு மெஷின், பிறகு போனில் பட்டியல். இந்த வரிசையை அவர் மாற்றுவதில்லை.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் விருந்து, இலையில் விழுந்த எதையும் நான் மறுக்கவில்லை. மாத்திரை டப்பாவைத் தொடவும் இல்லை. ஒப்பந்தம் ஞாபகம் இருந்தது. மாத்திரை போடாமல் கம்ப்யூட்டரைப் போட மனம் வரவில்லை. இரண்டுமே சும்மா கிடந்தன. மூன்றாம் நாள் காலை போன் அடித்தது.

"சார், ஏழுமலை பேசறேன். லிஸ்ட்ல உங்க பேரு ரெண்டு நாளா நவுரவே இல்ல."

"இங்க கரண்ட் இல்ல ஏழுமலை."

"பொன்னேரில என் மச்சான் கீறான். கேட்டுட்டேன். கரண்ட் கீதாம்."

அவர் கை ஆடுவதால் போன் அவர் காதில் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"போன வெச்சிடாதீங்க சார். போட்டுட்டு சொல்லுங்க."

எழுந்து போய் டப்பாவைத் திறந்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். விழுங்குவது அவருக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே குடித்தேன். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

"போட்டுட்டேன்" என்றேன்.

"சரி சார், வெச்சிடறேன். அடுத்த போனு போடணும்" என்றார். "பலராமன் சாரும் மூணு நாளா நவுரல. அவருக்கு பிரஷரு மாத்திரை."